மலைநாட்டுக்கு வீடு மாறி வந்தவர்கள் கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, கொழும்பு என்று பல பக்கத்திலிருந்தும் ஆட்கள் மலைநாட்டுக்குக் குடிவருகிறார்கள். சிலருக்கு இடமாற்றம், சிலருக்குக் கலியாணம், சிலருக்கு வியாபாரம். வாடகை, பாடசாலை அனுமதி பற்றியெல்லாம் யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். மலையோடும் மழையோடும் எப்படிப் பழகுவது என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். நான் பசறைப் பக்கம் பிறந்து வளர்ந்து, இப்போது தலவாக்கலைப் பக்கம் குடியிருப்பவன். மலைக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறினாலும் பழக நாளெடுக்கும்.

மலைநாடு என்றால் எல்லா ஊரும் ஒரே குளிர், ஒரே மழைதானே?

இல்லவே இல்லை. நீங்கள் போகிற ஊர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கச் சரிவில் இருக்கிறது என்ற இரண்டையும் முதலில் விசாரியுங்கள்.

ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும். கண்டி 500 மீற்றர் அளவில் இருக்கிறது. பதுளை 680, பண்டாரவளை 1,225, ஹற்றன் 1,270, நுவரெலியா 1,868. பதுளையில் மின்விசிறி தேடும் இரவுகள் உண்டு. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லின் மேல் துகள் பனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். இரண்டுமே மலைநாடுதான்.

சரிவு இன்னும் முக்கியம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி ஹற்றன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் கொட்டித் தீர்க்கும். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. யாழ்ப்பாணத்தில் விழுவதைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு. அதே மாதங்களில் கிழக்குச் சரிவிலுள்ள ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும். வெலிமடை, பண்டாரவளை மேடுகளில் மானாப்புல் பழுப்பாகி, ஜூலை, ஓகஸ்டில் அடிக்கடி தீயும் பிடிக்கும். மழையை மேற்கே இறக்கிவைத்த காற்று, மலையைத் தாண்டி இறங்கும்போது வறண்டு சூடாகிறது. மட்டக்களப்பில் முகத்தைப் பொசுக்கும் கச்சான் இந்தக் காற்றுத்தான். ஆகவே கிழக்கிலிருந்து பண்டாரவளைக்கு வந்தவர்களுக்கு ஜூலைக் காற்று முற்றிலும் அந்நியமில்லை, கொஞ்சம் குளிர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஊவாவுக்கு மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை, சில வருடம் அதற்குப் பிறகும் நீளும்.

பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்துக்குள் மழையோடு நுழையும் ரயில் மறுபக்கம் வெயிலில் வெளிவருவது இந்தப் பாதையில் போய்வருபவர்களுக்குப் பழகிய விஷயம். தேயிலைக்கும் இந்தக் கணக்குத் தெரியும். மேற்குச் சரிவிலுள்ள திம்புளைப் பக்கத்து நல்ல தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரை, ஊவாத் தேயிலை ஜூலை முதல் செப்டெம்பர் வரை. எந்தப் பக்கம் காய்கிறதோ அந்தப் பக்கத் தேயிலைக்கு வாசம் கூடும்.

வந்த புதிதில் எல்லாம் அழகாக இருந்தது. இப்போது மலைகள் நெருக்குவது போலிருக்கிறது. எனக்கு என்ன ஆயிற்று?

ஒன்றும் ஆகவில்லை. பனையும் வயலும் கடலுமாக வளர்ந்த கண்ணுக்கு வானம் தரையைத் தொடும் கோடு எப்போதும் தெரிந்துகொண்டிருக்கும். இங்கே அது கிடையாது. பள்ளத்தில் வீடு என்றால் வெயில் முற்றத்துக்கு வரக் காலை எட்டு மணியாகலாம், நாலரைக்கே மலை நிழல் விழுந்துவிடலாம். பகல் குறையவில்லை, வெயில்தான் குறைகிறது. அப்புறம் மூடுபனி வந்து எதிர்வீட்டையும் மறைத்துவிடும்.

ஜே அப்பிள்டன் என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் 1975இல் ஒரு கருத்தை முன்வைத்தார். தான் மறைந்திருந்து பிறவற்றைப் பார்க்கக்கூடிய இடமே மனிதனுக்குப் பிடிக்கிறது, பார்வையும் வேண்டும், ஒதுங்கலும் வேண்டும் என்றார். அது எல்லாருக்கும் பொருந்துமா என்பது வேறு கதை. ஆனால் மலைநாட்டில் வீடு தேடுபவருக்கு நல்ல கைக்கணக்கு. பள்ளத்தில் கிடைக்கும் வீட்டை விட, மலையின் நடுச் சரிவில் முதுகுக்கு மலையும் முன்னால் திறந்த வெளியும் உள்ள வீட்டில் இருந்தவர்கள் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். முதுகுப் பக்கத்து மலை எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

வீட்டை மாற்ற முடியாதென்றால் பார்வை திறக்கும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்து வாரத்தில் ஒரு நாளாவது போய்வாருங்கள். அப்புத்தளையில் நின்றால் தெற்கே தாழ்நிலம் கண்ணெட்டும் மட்டும் விரிந்து கிடக்கும். எல்லா ஊரிலும் இப்படி ஒரு முனை இருக்கும், பெரும்பாலும் கோயிலோ தண்ணீர்த் தொட்டியோ அங்கேதான் இருக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்களில் பெரியவர்களைக் கேட்டால், அந்தச் சமவெளியில் ஒதுங்க இடமில்லாமல் வெட்டவெளியில் விட்டது போலிருந்தது என்பார்கள்.

மூச்சு வாங்குகிறது. உயரத்தால் வருவதா?

பெரும்பாலும் படிக்கட்டால் வருவது. உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல்தான் தொடங்கும். நாட்டின் மிக உயர்ந்த பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். ஏறும்போது வாயால் கதைக்காமல், சின்ன அடியாக வையுங்கள். கொழுந்துக் கூடையோடு ஏறும் பெண்களைப் பாருங்கள், ஒருவரும் அவசரப்படுவதில்லை. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் வரமுன் டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈரத்தை எப்படிச் சமாளிப்பது? துணி காய்வதில்லை, அலுமாரிக்குள் பூஞ்சணம்.

இதுதான் உண்மையில் ஆட்களைத் துரத்துகிறது. தனிமையாலோ குளிராலோ போனவர்களை விட, பூஞ்சணம் பிடித்த பட்டுச்சேலையைப் பார்த்து மனம் விட்டுப் போனவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், ஒரு சாண் தள்ளி வையுங்கள். மண் அணைத்த பக்கத்துச் சுவரில் எதையும் சாய்க்காதீர்கள். வெயில் அடிக்கிற ஒரு மணி நேரம் எல்லாக் கதவு ஜன்னலையும் திறந்துவிட்டு, மூடுபனி இறங்கமுன் பூட்டுங்கள். ஜன்னலைப் பகல் முழுக்கத் திறந்து வைக்கிற சமவெளிப் பழக்கம் இங்கே ஈரத்தை வீட்டுக்குள் அழைத்து வரும். தோட்டப் பகுதிகளில் அடுப்புக்கு மேல் கொடி கட்டியிருப்பார்கள். துணியில் புகை மணம் வரும், ஆனால் பிள்ளையின் பாடசாலைச் சட்டை காலையில் காய்ந்திருக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குளிருக்காகக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு தூங்காதீர்கள். கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கம்பளி வாங்குங்கள்.

சமையல் ஏன் சரிவரவில்லை?

நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், ஹற்றனில் 96 அளவில். கொதிக்கிறதே என்று பார்ப்பீர்கள், பருப்பு வேகாது. பிரஷர் குக்கர் இங்கே ஆடம்பரப் பொருள் அல்ல. தோசை மா ஒரே இரவில் புளிக்காது. அடுப்பங்கரையில், சூடு ஆறாத சாம்பலுக்குப் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் பொங்கும். தேங்காயெண்ணெய் போத்தலுக்குள்ளேயே உறைந்துவிடும், அகன்ற வாய்ப் போத்தலில் ஊற்றி வையுங்கள்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரில் குளித்தவர்களுக்கு இங்கே சவர்க்காரம் உடம்பை விட்டுப் போகவே போகாதது போலிருக்கும். தண்ணீர் மென்மையானது. சவர்க்காரத்தைக் குறைத்துப் போடுங்கள். அந்தத் தண்ணீரில் போடும் சாயத்தண்ணியின், அதாவது பால் சேர்க்காத தேநீரின், நிறத்தைப் பார்த்தால் மற்றக் குறையெல்லாம் கொஞ்சம் மறந்துபோகும்.

ஓடும் தண்ணீரெல்லாம் குடிக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். மரக்கறித் தோட்டங்களுக்குக் கீழே வரும் ஓடை, பார்க்கக் கண்ணாடியாக இருந்தாலும் உரமும் மருந்தும் கலந்தது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே வருவதும் அப்படித்தான். பீலியில் (ஊற்றுத் தண்ணீர் விழும் குழாயில்) வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டு, கொதிக்க வைத்தே குடியுங்கள்.

முற்றத்தில் என்ன நடலாம்? முருங்கை, கறிவேப்பிலை வருமா?

பதுளையில் இரண்டும் வரும். நுவரெலியாவில் முருங்கையை மறந்துவிடுங்கள். கறிவேப்பிலை சட்டியில், வெயில் படும் ஜன்னலோரம், மிக மெதுவாக வளரும். தென்னை மேலே காய்க்காது, ஆகவே தேங்காய் விலை உங்களைச் சுடும். அதற்குப் பதில் லீக்ஸ், கரட், பீட்ரூட், கோவா, உருளைக்கிழங்கு. ஊவாப் பக்கம் பட்டர்புரூட்டும் பேரிக்காயும். ஊரில் இருந்த செடியை இங்கே உயிரோடு வைத்திருக்கப் போராடுவதில் ஒரு பிடிவாதம் இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். கூடவே இங்கே தானாக வளரும் ஒன்றையும் நடுங்கள். கரட் பாத்தியில் முதல் களை பிடுங்கும்போதுதான் பக்கத்து வீட்டம்மா வேலியோரம் வந்து, "பாத்தி சரிவுக்குக் குறுக்காப் போடணும், நீளமாப் போட்டா மழைக்கு மண்ணு போயிரும்" என்று சொல்வார்.

அட்டை, குளவி, சிறுத்தை. எதற்குப் பயப்பட வேண்டும்?

குளவிக்கு. அட்டை மழைக்காலத்தில் மேற்குச் சரிவில் தாராளமாக இருக்கும், ஊவாவில் குறைவு. கடித்த இடத்தில் இரத்தம் நிற்க நேரமெடுக்கும், அட்டையின் எச்சில் இரத்தத்தை உறைய விடாது. சவர்க்காரத் தண்ணீரோ உப்போ போதும். அதற்கு மேல் அதற்கு மரியாதை வேண்டியதில்லை.

கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவி கொட்டி உயிரிழப்பது இங்கே செய்தித்தாளில் அடிக்கடி வரும். பெரிய மரங்களிலும் பாறை இடுக்கிலும் தேயிலைச் செடிக்கு அடியிலும்கூடக் கூடு இருக்கும். கூட்டுக்குக் கீழே புகை போடக் கூடாது, கல் எறியும் பிள்ளைகளைக் கண்டிக்க வேண்டும். கலைந்துவிட்டால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓட வேண்டும், பல இடத்தில் கொட்டியிருந்தால் நேரே ஆஸ்பத்திரி.

சிறுத்தை தேயிலைக்குள் குட்டி போடும், இரவில் நாயைத் தூக்கும். மனிதரைத் தேடி வருவது அரிது. நாயை உள்ளே கட்டுங்கள். பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கில் மாட்டிச் சாகும் சிறுத்தைகள்தான் இங்கே பெரிய சோகம்.

மழை பெய்தால் தூக்கம் வருவதில்லை. மண்சரிவுப் பயம் நியாயமானதா?

நியாயமானது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள், மாற்று இடம்தான் கிடைத்திருக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனையோ சரிவுகள் விழுந்தன. பயப்படாதீர்கள் என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு. பயத்தை எங்கே வைப்பது என்று தெரிந்துகொள்ளலாம்.

வீடு எடுக்கமுன் முதுகுப் பக்கத்து மலையைப் பாருங்கள். செங்குத்தாக வெட்டிவிட்டு அணைசுவர் கட்டாத மண்வெட்டு, அதன் கீழே ஒட்டினாற்போல் சமையலறை என்றால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். பழைய ஓடையை மூடி நிரப்பிய இடமும் வேண்டாம். ஓடை தன் வழியை மறக்காது. சொந்தமாகக் கட்டுவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தில் அந்தக் காணி எந்த வலயத்தில் வருகிறது என்று கேட்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

குடியிருக்கும்போது கவனிக்க வேண்டியவை: தரையிலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு, திறந்து பூட்டிய கதவு திடீரென்று இறுகுவது, மரமும் மின்கம்பமும் சாய்வது, தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருவது, இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவது, இருந்த ஊற்று மழைக்குள்ளேயே நின்றுபோவது. கடைசியில் சொன்னதைப் பலர் நல்லதென்று நினைத்துவிடுகிறார்கள்.

கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவை வைத்து மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார், 150 தாண்டினால் வெளியேற்றம் என்பது பொதுவான அளவு. ஒரு தகரப் பேணியை முற்றத்தில் நேராக வைத்து அளவுகோலால் அளந்தாலே உங்கள் வீட்டு மழை தெரியும். தொலைபேசி 117, அனர்த்த முகாமைத்துவ நிலையம். சிவப்பு என்றால் போங்கள். மறுநாள் ஒன்றும் நடக்காவிட்டால் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

தோட்டத்து ஆட்களோடு எப்படிப் பழகுவது? அவர்கள் எங்களை வெளியாட்களாகப் பார்ப்பார்களா?

கொஞ்ச நாள் பார்ப்பார்கள். நீங்கள் அவர்களைப் பார்க்கும் விதமும் அதற்கு ஒரு காரணம். வடக்கிலிருந்து வருபவர்களில் சிலர் இன்னும் தோட்டத்துத் தமிழைக் கேட்டு உதட்டைச் சுழிப்பதைக் கண்டிருக்கிறேன்.

இந்த மலைக்குக் குடிவந்த முதல் தமிழர் நீங்களல்ல. 1820களிலிருந்து திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலி என்று வறண்ட சீமைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள், முதலில் கோப்பிக்கு. மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, அதில் பலர் வழியிலேயே செத்தார்கள். கோப்பியைத் தின்ற பூஞ்சண நோய் 1869இல் வந்தது, பிறகு மலை முழுக்கத் தேயிலையானது. 2023இல் அந்த வருகைக்கு 200 ஆண்டு என்று நினைவுகூர்ந்தார்கள். வெயிலில் வளர்ந்தவர்கள் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், அட்டைக்கும் மழைக்கும் நடுவே இருந்து இதை வீடாக்கினார்கள். வேப்பமரம் வளராத இடத்தில் மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார்கள். தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதைமுனியைக் காவல் வைத்தார்கள். மாசியில் காமன்கூத்துக்குத் தப்பு அடித்தார்கள். 1948இல் குடியுரிமையைப் பறித்தபோதும் இந்தச் சரிவுகளில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். வேலை செய்த மலை தங்கள் மலை, காணி உறுதி கையில் இல்லாவிட்டாலும்.

நான் பார்த்த வரையில் புதிதாக வந்தவர்களில் காட்சியை ரசிக்க வந்தவர்களுக்குச் சீக்கிரம் சலித்துவிடுகிறது. மழையில் பீலிக்கரைக்கு வாளி தூக்கியவர்களும், பாத்தி போட்டவர்களும், பிள்ளையைக் குறுக்குப்பாதையால் பாடசாலைக்குக் கூட்டிப்போனவர்களும்தான் நின்றுவிடுகிறார்கள்.

சில மரியாதைகள்: தேயிலைக்குள் படமெடுக்க நுழையாதீர்கள், அது ஒருவருடைய வேலைத்தளம். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மடுவத்துக்குப் போய்க் கதை கேட்காதீர்கள். வயதில் மூத்தவர்களை அண்ணே, அக்கா, தாத்தா என்று கூப்பிடுங்கள். சாவு வீட்டுக்கு அழைக்காமலே போகலாம், போக வேண்டும். திருவிழாவுக்கு வரி கேட்டு வந்தால் கொடுத்துவிடுங்கள், அதுதான் உங்களை ஊர்க் கணக்கில் சேர்க்கும் கொப்பி. கொஞ்சம் சிங்களமும் படித்துக்கொள்ளுங்கள், கடைத்தெருவில் அது இல்லாமல் முடியாது.

இது குறிஞ்சி நிலம்தானே? அதைப் படித்தவர்களுக்குப் பழகுவது சுலபமா?

மலையும் மலை சார்ந்த இடமும் என்ற அளவில் சரி. ஆனால் தினைப்புனமும் வேங்கையும் தேடி வந்தால் கிடைப்பது தேயிலையும் பைனஸும் யூக்கலிப்டஸும், மூன்றும் வெளியிலிருந்து வந்து நின்றவை. பழைய மலையைப் பார்க்க ஹோர்ட்டன் சமவெளி மாதிரி இடத்துக்குப் போக வேண்டும். பாசி தொங்கும் குள்ள மரங்கள், சிவப்பாகப் பூக்கும் ரொடொடென்ட்ரன், பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை ஒன்றாகப் பூக்கும் நெலு எல்லாம் அங்கே உண்டு. நெலு, தமிழ்நாட்டுக் குறிஞ்சிப்பூவின் நெருங்கிய சொந்தம்.

அம்மாவைக் கூட்டி வந்தோம். கடலையே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

1688இல் யொஹான்னஸ் ஹோபர் என்ற மருத்துவ மாணவர் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் வீட்டேக்கத்தை ஒரு நோயாகவே எழுதினார். ஊரை விட்டுப் பிரிந்தவர்கள் உண்ணாமல் உறங்காமல் மெலிவதையும், ஊருக்குத் திரும்பியதும் தேறுவதையும் குறித்தார். அம்மாவுக்குச் சொல்லும் பதிலும் அதுதான். வருடத்தில் இரண்டு முறை ஊருக்கு அனுப்புங்கள், குளிரும் மழையும் கூடுகிற மாதங்களைப் பார்த்து. இங்கே இருக்கும்போது கருவாடு தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் விழும் இடத்தில் ஒரு கதிரை அவருக்கென்று இருக்கட்டும். பழகிக்கொள்ளுங்கள் என்று மட்டும் ஓயாமல் சொல்லாதீர்கள்.

பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மூன்றாம் மாதமே உங்களுக்குத் தெரியாத குறுக்குப்பாதை அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எவ்வளவு காலத்தில் பழகும்?

இரண்டு பருவ மழையையும் ஒரு சுற்றுப் பார்த்து முடிக்க வேண்டும். அதற்கு முன் "இது நமக்குச் சரிவராது" என்றும் முடிவெடுக்க வேண்டாம், காணி வாங்கவும் வேண்டாம்.

அப்படியானால் எந்த மாதத்தில் குடிவருவது நல்லது?

மேற்குச் சரிவுக்கு ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. இரவில் குளிர் கடுமையாக இருக்கும், ஆனால் பாதை காய்ந்திருக்கும், பாடசாலை ஆண்டும் தொடங்கியிருக்கும். ஊவாவுக்கு ஜூன், ஜூலை. தகரம் பறக்கிற காற்றுக்கு மெத்தையைக் கட்டி ஏற்றுங்கள். ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் பிற்பகல் இடிமழை, சாமான் நனையும். வீடு பார்ப்பதை மட்டும் நல்ல மழை நாளில் செய்யுங்கள், ஒழுக்கும் ஓடையும் அப்போதுதான் தெரியும். நுவரெலியா என்றால் ஏப்ரலைத் தவிருங்கள். வசந்தகாலக் கொண்டாட்டத்துக்கு வரும் கூட்டத்தில் வாடகை வீடும் கிடைக்காது, லொறி திரும்பவும் இடமிருக்காது.